பிள்ளையின் நோவு யாருக்கு வைத்த சோதனை?

பருவமடையாத பிள்ளைக்குப் பாவம் எழுதப்படுவதில்லை. மருதமுனையில் எந்த மௌலவியிடம் கேட்டாலும் இதைச் சொல்வார். தொழுகை கடமையில்லை, நோன்பு கடமையில்லை, செய்ததற்குக் கேள்வி கணக்கும் இல்லை. மருதமுனையைத் தாண்டிக் கல்முனைப் பக்கம் வந்தால் பாண்டிருப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம் இதையே கேட்டால், அவர் ஊழ்வினை, போன பிறவி என்று தொடங்கக்கூடும். ஆனால் பேரப்பிள்ளை காய்ச்சலில் அனுங்கும்போது, முன்வினை அனுபவித்துத் தீரட்டும் என்று அவர் பெனடோல் போத்தலை ஒளித்துவைக்க மாட்டார். கோட்பாட்டில் எவ்வளவு தூரம் விலகி நின்றாலும் நடைமுறையில் இருவரும் சேரும் இடம் ஒன்றுதான்: சின்னப்பிள்ளை நோவில் கிடப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

புற்றுநோய் என்ற பேர் வந்ததும் இந்தத் தெளிவு எங்கே போய்விடுகிறது? பிள்ளையின் வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. "கீமோ என்றால் அப்படித்தான்." கால் எலும்புக்குள் குடைகிறது, இரவு முழுக்கத் தூக்கமில்லை. "பொறுத்துத்தான் ஆக வேண்டும், சோதனைக்காலம்." படித்தவர்கள் வேறு சொற்களில் இதையே சொல்கிறோம்: முதலில் நோயைப் பார்ப்போம், நோவைப் பிறகு பார்க்கலாம். இந்தப் 'பிறகு' எப்போது வருகிறது என்று யாராவது கேட்டதுண்டா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் கைவிரித்த நாளில்தான் வருகிறது. சிலருக்கு அன்றைக்கும் வருவதில்லை.

வழமையான பகுத்தறிவுக் கட்டுரை இந்த இடத்தில் நேர்த்தி வைத்த தாயை நோக்கித் திரும்பும். நான் திரும்பப் போவதில்லை. திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையைப் பதினெட்டு நாள் நடத்தி, வனவாசம் போய், அருச்சுனன் தவம் செய்து, கடைசியில் தீமிதிக்கிறார்கள். பிள்ளைக்குச் சுகம் வேண்டி ஒரு தாய் அந்தக் குழியில் இறங்கினால் தணல் சுடுவது அவளுடைய கால்களைத்தான். கிளினிக் திகதியைத் தவறவிடாதவரை அவளுடைய நேர்த்தியால் பிள்ளைக்கு ஒரு கேடும் இல்லை. தர்காவில் நூல் கட்டுகிற உம்மாவுக்கும் இதே தீர்ப்புத்தான். பிள்ளையின் உடம்பை உண்மையிலேயே வருத்துகிற மூடநம்பிக்கை வெள்ளைக் கோட்டுக்குள்ளும், பட்டம் பெற்ற எங்கள் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. அதற்கு வேப்பிலையும் இல்லை, உடுக்கும் இல்லை. அதனால் கண்ணில் படுவதில்லை.

சின்னப்பிள்ளைக்கு நோவு குறைவு, பட்டாலும் மறந்துவிடும் என்பது அதில் ஒன்று. நாங்கள் ஏதோ பாட்டிமார் நம்பிக்கை என்று நினைக்கிறோம். விஞ்ஞானமே இதைப் போற்றிப் பாதுகாத்த காலம் ஒன்று இருந்தது. 1980கள் வரை பச்சைக் குழந்தைகளுக்குப் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் போதிய மயக்க மருந்தோ நோவு மருந்தோ இல்லாமலே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நரம்பு இன்னும் முதிரவில்லை, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுடைய காரணம். 1985இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு நெஞ்சைத் திறந்து சிகிச்சை செய்தபோது, உடம்பு அசையாதிருக்க மருந்து கொடுத்தார்கள். நோவு தெரியாதிருக்க எதுவும் கொடுக்கவில்லை. குழந்தை இறந்த பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரியவந்தது. அவர் அதை ஊரறியச் சொன்னார். இந்தியாவில் பிறந்த கே. ஜே. எஸ். ஆனந்த் என்ற குழந்தை வைத்தியர் ஒக்ஸ்போர்டில் செய்த ஆய்வுகளை 1987இல் வெளியிட்டார். நோவு மருந்து கொடுத்த குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை மிக நன்றாகத் தாங்கியது, சிக்கல்களும் குறைந்தன என்று இரத்தத்தில் உள்ள ஹோர்மோன்களை அளந்து காட்டினார். கத்தியை எடுத்தவனுக்கு முன்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டுதான் இருந்தது. அந்த அழுகையை ஆதாரமாக ஏற்க ஒரு மருத்துவ சஞ்சிகையில் கட்டுரை வர வேண்டியிருந்தது.

இதை வைத்து எங்கள் காலத்து வாட்டைப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இரத்தப் புற்றுநோய்க்கு. அதற்கான சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். முள்ளந்தண்டில் ஊசி குத்தி மருந்து ஏற்ற வேண்டும்; என்பு மச்சை எடுத்துப் பார்க்க வேண்டும்; கெனுலாவுக்கு நாளம் தேட வேண்டும். ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை, திரும்பத் திரும்ப. ஐந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் நாலு பேர் கை, கால், தோள், தலை என்று அழுத்திப் பிடிக்கிறார்கள். பிள்ளை "வேணாம் உம்மா, வேணாம் உம்மா" என்கிறது. உம்மாவும் பிடிக்கிறவர்களில் ஒருத்தி. குத்துகிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மரத்துப்போகிற கிறீமைப் பூசி வைக்கலாம். சற்று மயங்கவைக்கும் மருந்து கொடுக்கலாம். தாயின் மடியில் வைத்துச் சோப்புக் குமிழி ஊதச் சொல்லிக்கொண்டே செய்யலாம். இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது நேரம், பழகிய ஒரு தாதி, இது முக்கியம் என்ற எண்ணம்.

இரண்டாம் மாதம் அந்தப் பிள்ளை வெள்ளைக் கோட்டைக் கண்டாலே கத்தும். நாலாம் மாதம் ஆஸ்பத்திரி மணம் மூக்கில் பட்டதும் சத்தி எடுக்கும். கல்முனையில் இரவு பஸ் ஏறி விடியும் நேரத்தில் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிற தாய்க்கு ஒரு நாள் மனம் விட்டுப்போகும். நோய் குறைந்துவிட்டதுதானே, இந்தத் தடவை விடுவோம் என்று நினைப்பாள். ஏழை நாடுகளில் குணமாகியிருக்க வேண்டிய பிள்ளைகளை இழப்பதற்கான பெரிய காரணங்களில் ஒன்று, சிகிச்சையை நடுவில் விட்டுவிடுவது. வருடத்துக்கு ஏறத்தாழ 4 லட்சம் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியுள்ள நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதமும் தேறுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தப் பாரிய இடைவெளிக்கு மருந்துத் தட்டுப்பாடும் காலம் தாழ்த்தி நோயைக் கண்டுபிடிப்பதும் காரணங்கள்தான். ஆனால் நோவையும் பயத்தையும் பஸ் காசையும் எவரும் பொறுப்பெடுக்காததும் அதே வரிசையில் நிற்கிறது. நோவைக் கவனிப்பது குணப்படுத்தும் வேலையின் உள்ளேயே இருக்கிறது.

தணிப்புப் பராமரிப்பு என்பது இதுதான். பிள்ளைகளுக்கான தணிப்புப் பராமரிப்பு நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளில் தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே வரையறுத்துவிட்டது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, இதை ஒவ்வொரு நாட்டின் சுகாதார சேவையிலும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. இலங்கையிலும் 2019–2023 காலத்துக்கென்று தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் எழுதப்பட்டது. மஹரகமவில் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளையின் 'சுவ அரண' என்ற தணிப்புப் பராமரிப்பு நிலையம் பிள்ளைகளுக்கென்றே நடக்கிறது. நல்ல வேலை. ஆனால் அது மஹரகமவில் இருக்கிறது. பிள்ளை இரவு இரண்டு மணிக்கு நோவில் எழும்புவது பாண்டிருப்பில்.

இன்னுமொன்று, பலர் கணக்கில் எடுக்காதது: மொழி. கிழக்கிலிருந்து போகிற தாய்க்குச் சிங்களம் தெரியாது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த மருந்து எதற்கு, குணமாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதெல்லாம் பக்கத்துக் கட்டில்காரியின் அரைகுறை மொழிபெயர்ப்பில் அவளுக்கு வந்து சேர்கிறது. தமிழில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசக்கூடிய ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் அந்தக் குடும்பத்துக்கு ஒரு போத்தல் மருந்துக்குச் சமம். அதையும் நான் தணிப்புப் பராமரிப்பில்தான் சேர்ப்பேன். அம்மம்மாவோடு விட்டுவந்த மற்றப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரிப்பதையும், தறியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி வெளியில் படுத்திருக்கும் வாப்பாவின் கடனைக் கேட்பதையும் கூட.

குணமாகாத பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2000ஆம் ஆண்டு ஜோன் வுல்ஃப் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் பொஸ்டனில் புற்றுநோயால் பிள்ளையைப் பறிகொடுத்த 103 பெற்றோரிடம் கேட்டார்கள். கடைசி மாதத்தில் தங்கள் பிள்ளை ஏதாவதொரு உபாதையால் கடுமையாக வருந்தியது என்று 89 சதவீதமானோர் சொன்னார்கள். நோவுக்கு மருந்து பெற்ற பிள்ளைகளில் 27 சதவீதத்தினருக்குத்தான் அது பலன் தந்தது. உலகத்தின் மிகப் பணக்கார ஆஸ்பத்திரிகளில் நடந்தது இது. அப்படியானால் குறை பணத்தில் மட்டும் இல்லை. வைத்தியர் நோயைத் துரத்திக்கொண்டிருந்தார், பெற்றோர் அவர் பின்னால் ஓடினார்கள், பிள்ளையைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை.

இங்கேதான் எனக்குக் கோவூர் நினைவுக்கு வருகிறார். திருவல்லாவில் பிறந்து இலங்கைக்கு வந்து, தாவரவியல் படிப்பித்து, 1978இல் கொழும்பில் மறைந்த ஏபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபா தருகிறேன் என்று சாமியார்களுக்குச் சவால் விட்டார். ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. மூன்றாம் தடவையும் நோய் திரும்பி வந்து, எலும்பும் தோலுமாகக் கிடக்கிற பிள்ளைக்கு, பலன் இல்லை என்று தெரிந்துகொண்டே இன்னொரு கீமோவை ஏற்றுகிறவருக்கும் அந்தச் சவாலை நீட்டலாம். அதுவும் அற்புதத்தை எதிர்பார்ப்பதுதான். ஊதுபத்திக்குப் பதில் சேலைன் போத்தல் தொங்குகிறது. "கடைசிவரை போராடினோம்" என்று நாங்கள் பிறகு பெருமையாகச் சொல்வோம். அந்தப் போராட்டக் களம் யாருடைய உடம்பு?

நான் சிகிச்சையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. குணமாகும் வாய்ப்பு உள்ள பிள்ளைக்குச் சிகிச்சையைக் கைவிடுவது பெருங்குற்றம். சீனி, பால் நிறுத்தினால் போதும் என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு புதிய மருந்துக்கும் முன்னால், இது பிள்ளைக்கு எதைக் கொடுக்கும், எதை எடுக்கும் என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது வைத்தியரின் கடமை. நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று பதிலை விழுங்குவது அன்பாகத் தோன்றலாம். அதன் விலையைப் பிள்ளை கட்டுகிறது.

அடுத்த மூடநம்பிக்கை மோர்பின் பற்றியது. எங்கள் கரையோர ஊர்களில் ஐஸ், ஹெரோயின் என்று பெற்றோர் பயந்து போயிருக்கிற காலம் இது. பிள்ளைக்கு மோர்பின் என்றதும் வாப்பாவின் முகம் மாறுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் விளங்கிக்கொள்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. நோவுக்காக, நிறைக்கேற்ற அளவில், வைத்தியரின் கண்காணிப்பில் மோர்பின் எடுக்கிற பிள்ளை போதைக்கு அடிமையாவது மிக அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும்; தேவை முடிந்ததும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து சேர்த்தே கொடுப்பார்கள். மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தைச் சரியான அளவும் கவனமும் விலக்கும். மோர்பின் ஆரம்பித்தால் சாவு நெருங்கிவிட்டது என்று அர்த்தமும் இல்லை. கடும் வாய்ப்புண் வந்த பிள்ளைக்குச் சில நாள் கொடுத்து, புண் ஆறியதும் நிறுத்தி, பிள்ளை வீட்டுக்குப் போய் மறு வருடம் பள்ளிக்கூடம் சேருவது சாதாரணமாக நடக்கிற காரியம்.

விலையா தடை? வறிய நாடுகளில் கடும் நோவில் இருக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், மிகக் குறைந்த சர்வதேச விலைக்கு மோர்பின் வாங்கிக் கொடுக்க வருடத்துக்கு 10 லட்சம் டொலர் போதும் என்று லான்செட் ஆணைக்குழு 2017இல் கணக்குப் போட்டது. உலகத்துக்கு அது ஒரு தொகையே இல்லை. மருந்து இருக்கிறது, மலிவாக இருக்கிறது, வேலை செய்கிறது. இதற்குப் பிறகும் ஒரு பிள்ளை நோவில் துடித்தால் அதை விதி என்று சொல்வது விதிக்கே அவதூறு. அது யாரோ எடுத்த முடிவு, அல்லது யாரும் எடுக்காமல் விட்ட முடிவு.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறி வந்தபோது எங்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதில் எத்தனையோ பிள்ளைகள். அந்த இழப்பின் முன்னால் "அவன் நாட்டம்", "விதி" என்ற சொற்களைத் தவிர மனிதருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்கவில்லை. அதை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். புற்றுநோய் அவகாசம் தருகிறது. மாதங்கள் தருகிறது, சில வேளை வருடங்கள். சுனாமிக்குச் சொன்ன சொல்லை இதற்கும் சொல்லிவிட்டுக் கைகட்டி இருப்பது நேர்மையில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. கட்டிலைச் சுற்றி எல்லாரும் சிரிப்போம்; வெளியில் போய் அழுவோம். மைரா புளூபொண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தப் புற்றுநோய் வந்த மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு மாதக்கணக்கில் இருந்து, 1978இல் அதைப் புத்தகமாக எழுதினார். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள். பெரியவர்கள் மனம் உடைவார்கள் என்று அவர்களும் தெரியாததுபோல நடித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை தாயைக் காப்பாற்றுவதற்காகத் தன் பயத்தைத் தனியாகச் சுமக்கிறது. 2004இல் சுவீடனிலிருந்து வந்த ஆய்வும் உண்டு. புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம், மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசினீர்களா என்று கேட்டார்கள். பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், பேசாமல் விட்டோமே என்று வருந்தினார்கள். பேசுவதென்றால் நாள் குறித்துச் சொல்வதில்லை. "நான் செத்துருவனா?" என்று பிள்ளை கேட்டால், "சீ, வாயைக் கழுவு" என்று அடக்காமல், "ஏன் மகன் கேக்கிறாய், என்ன பயமா இருக்கு?" என்று பக்கத்தில் உட்காருவது. ஆண்டவனிடம் போவாய் என்று சொல்ல நம்பிக்கை உள்ள தாய்க்கு மனம் வந்தால் சொல்லட்டும். நம்பிக்கை இல்லாத தாய், நான் உன்னை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று சொல்லலாம். அது பொய்யே இல்லாத வாக்கு.

இனி ஊருக்கு ஒரு கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒரு மரணம் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் தறப்பாள் வரும், கதிரை வரும், தேநீர் வரும். முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா நலன்புரி அமைப்பு, தமிழ் ஊர்களில் மரண உதவிச் சங்கம். மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறோம். இந்த ஒழுங்கில் நான் பெருமைப்படுகிறேன். ஆனால் இறந்தது ஒரு பிள்ளை என்றால், அது உயிரோடு, நோவோடு கிடந்த இரண்டு மாதத்துக்கு எந்தச் சங்கம் இருந்தது? இறந்தவருக்கு நோவு இல்லை. சங்கத்தின் பணம் முழுக்க நோவு இல்லாதவருக்கே போகிறது.

உயிரோடு நோவில் இருப்பவருக்கு ஊர் சேர்ந்து உதவுவது கனவு என்று சொல்கிறவர்கள் கேரளத்தின் மலப்புறத்தைப் பார்க்கட்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ் குமாரும் கூட்டாளிகளும் தொடங்கிய நோவு நிவாரணக் கிளினிக்கிலிருந்து வளர்ந்து, மலப்புறத்து ஊர்களில் அயலவர் வலையமைப்பாகத் தணிப்புப் பராமரிப்பு பரவியது. கடைக்காரர், மாணவர், ஆசிரியர், ஓட்டோ சாரதி எல்லாரும் பயிற்சி எடுத்துத் தொண்டர்களானார்கள். தாதியோடு வீடு வீடாகப் போனார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த உள்ளூர்ப் பணத்தில் நடத்தினார்கள். 2008இல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்புக்கென்று கொள்கையே வகுத்தது. அவர்களிடம் இருந்ததில் எங்களிடம் இல்லாதது எது? பள்ளிவாசல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, சக்காத் இருக்கிறது, வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசு இருக்கிறது. ஒரே நகரத்தில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை ஆதார வைத்தியசாலையுமாக இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி இங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை எதிர்த்தும் போராடினார்கள். இரு தரப்புக்கும் அவரவர் நியாயம். பசி கிடந்து கேட்கத் தெரிந்த ஊர் இது. இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் பிள்ளைகளுக்கான மோர்பின் பாணி எப்போதும் இருக்க வேண்டும், அதை அளந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும் என்று இரண்டு சமூகமும் ஒரே கடதாசியில் கையொப்பம் வைத்துக் கேட்டால் யார் மறுக்க முடியும்? இதில் எல்லை பிரிக்கவும் எதுவுமில்லை.

சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கலாம்: சந்தாப் பணத்தில் ஒரு பகுதி, நோயோடு இருக்கும் பிள்ளையின் குடும்பத்துக்கு. மஹரகம போய்வர பஸ் காசு, வாட்டில் நிற்கும் தாய்க்குச் சாப்பாடு, வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இரவு விழித்திருந்து தாயைத் தூங்கவைக்க ஒரு மாமி அல்லது ஒரு சாச்சி. பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நோயின் பேரைச் சொல்லும் அந்த முதல் நாளிலேயே, குணமாகுமா என்று கேட்ட அதே மூச்சில், "இவனுக்கு நொந்தால் ராத்திரியில் நான் யாரோடு கதைக்க வேணும் டொக்டர்?" என்று கேளுங்கள். பதிலாக ஒரு பேரும் தொலைபேசி இலக்கமும் கிடைக்கும்வரை கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.